என் ஆய்வுக் கட்டுரையை நீ கலைத்துப்போட்ட ஞாயிற்றுக்கிழமை

யூசுப்,

வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் நேற்று நீ கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நீ நெதர்லாந்துக்குப் படிக்கப் போகிறாய் என்று தெரிந்ததிலிருந்து நம் தெருவே வந்து போகிறது. ஒருவர் அங்கே குளிர் தாங்குமா என்று கேட்கிறார், இன்னொருவர் அது துபாய்க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்கிறார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அடுப்படி வாசலில் வந்து நின்றுகொண்டு, "உம்மா, ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைய எப்படிக் கட்டணும்னு எனக்கு ஒரு தடவ உருப்படியாச் சொல்லித் தாங்க" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கட்டுரையைத் தரையில் போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டியவன் நீ. அந்த வெட்டிலிருந்து பிழைத்து வெளியே வந்தவள் நான். இருந்தாலும் நீ விளையாட்டாகக் கேட்கவில்லை என்று உன் முகத்தில் தெரிந்தது. இனி உன் பெயரில் கட்டுரைகள் வர வேண்டும். பயம் இருக்கத்தான் செய்யும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு மட்டும் இல்லை, என் துறையில் ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் இதைப் படிக்கக் கொடுக்கப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

அந்தப் பிள்ளைகளுக்கு என்னைத் துறைத் தலைவராகத்தான் தெரியும். நீ கட்டுரையை வெட்டிய காலத்தில் நான் அதே கல்லூரியில் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற தற்காலிக விரிவுரையாளர். கரப்பான்பூச்சியின் வாய் உறுப்புகளையும் தவளையின் ரத்த ஓட்டத்தையும் பாடம் நடத்தி முடித்துவிட்டு, மீதி நேரத்தில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு. உன் வாப்பா சவூதியில், தம்மாமில் ஒரு கடையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ சென்னையில் பொருளாதாரம் முதுகலை. ஆய்வை முடிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்த காலம் ஓடிப்போய், நீட்டிப்பும் வாங்கி, அந்த நீட்டிப்பும் முடியப்போகிற நேரம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமானால் ஒரு கட்டுரையாவது நல்ல ஆய்விதழில் வந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை. கல்லூரியிலும் சொல்லிவிட்டார்கள், அடுத்த கல்வியாண்டில் முனைவர் பட்டம் இல்லாதவர்களை எடுப்பதாக இல்லை என்று. அன்றைக்குத் துறைத் தலைவராக இருந்த அம்மையார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா நடத்துதீங்க, எனக்குத் தெரியும். ஆனா காகிதத்துல இல்லையேம்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைத்தான் சொன்னார்.

என் ஆய்வு தட்டான் பூச்சிகளைப் பற்றியது. தட்டான் வானத்தில் பறக்கிற காலம் கொஞ்சம்தான். அதற்கு முன்னால் மாதக்கணக்கில் தண்ணீருக்கு அடியில், கல்லுக்குக் கீழே, இறக்கை இல்லாத ஒரு குட்டிப் பூச்சியாகக் கிடக்கும். தண்ணீர் கெட்டால் முதலில் இல்லாமல் போகிறவற்றில் அதுவும் ஒன்று. குற்றாலத்தில் சீசன் தொடங்கிச் சாரல் விழுந்ததும் கூட்டம் எப்படி வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சோப்பும் சீயக்காயுமாக வந்து குளித்துவிட்டுப் போவார்கள். அதெல்லாம் தண்ணீரோடு கீழே சிற்றாற்றில்தான் இறங்குகிறது. குளிக்கிற இடத்துக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம். வனத்துறையில் அனுமதி வாங்கி, இரண்டு இடத்திலும் மாதாமாதம் வலை போட்டு அந்தக் குட்டிகளை எண்ணினேன். சீசனில் கீழே அவை வெகுவாகக் குறைந்துவிடும். கூட்டம் போன பிறகு மெல்லத் திரும்பி வரும். இதுதான் நான் பார்த்தது. சொல்லுவதற்கு நாலு வரி. எழுதத் தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

முதல் தடவை நான் எழுதியது ஒரு பயணக் கதை மாதிரி இருந்தது. எந்த மாதம் போனேன், தண்ணீர் எவ்வளவு ஓடியது, எத்தனை பிடித்தேன், அடுத்த மாதம் என்ன ஆனது என்று நடந்தது நடந்தபடியே வரிசையாக எழுதினேன். அப்படி எழுதுவதுதான் நேர்மை என்று நினைத்தேன். பட்ட கஷ்டமெல்லாம் படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. வழுக்குப் பாறையில் விழுந்து மணிக்கட்டு வீங்கியதைக்கூட எழுதியிருந்தேன் என்றால் பார்த்துக்கொள். ஆய்விதழின் ஆசிரியர் மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பிவிட்டார். இந்தக் கட்டுரை எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்று தனக்கு விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால், எனக்குக் கிடைத்த முதல் நல்ல பாடம் அந்த ஒரு வரிதான். நாம் வேலை செய்த வரிசை ஒன்று, அதைப் படிக்கிறவருக்குச் சொல்லவேண்டிய வரிசை வேறொன்று. இரண்டையும் ஒன்றாக நினைக்கிறவர்கள்தான் பாதிப்பேர்.

இரண்டாம் தடவை என் நெறியாளர் சொன்னபடி எழுதினேன். அவரைப் பற்றி நீ அப்போது என்னவெல்லாமோ பேசினாய். நல்ல மனிதர், யூசுப். அவர் காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். முன்னுரை, அதன்பின் முந்தைய ஆய்வுகள், பிறகு ஆய்வு முறை, கிடைத்தவை, விவாதம், முடிவுரை. இந்தச் சட்டகத்தில் தப்பே கிடையாது. இன்றைக்கும் அறிவியல் கட்டுரைகளில் பெரும்பாலானவை அதில்தான் நிற்கின்றன. சட்டகம் இருந்தால் போதும், கட்டுரை தானாக நின்றுவிடும் என்று நான் நம்பியதுதான் தப்பு. முந்தைய ஆய்வுகள் என்ற தலைப்பில் யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஆள் ஆளாக அடுக்கினேன். இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார், இன்னொருவர் இதையும் சொன்னார். கல்யாண வீட்டில் வந்தவர்களின் பெயரை எழுதுகிற மாதிரி. அவர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முட்டுகிறார்கள், எந்த இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது, அந்தக் காலி இடத்தில் நான் எங்கே வருகிறேன் என்று ஒரு வரி இல்லை. இந்தத் தடவை கட்டுரை மதிப்பீட்டுக்குப் போனது. இரண்டு பேர் படித்தார்கள். இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள்.

அதில் ஒருவர் கேட்ட கேள்விதான் என்னைப் படுக்க வைத்தது. சீசனில் கூட்டம் மட்டுமா வருகிறது, வெள்ளமும்தானே வருகிறது? அந்த வெள்ளமே குட்டிகளை அடித்துக்கொண்டு போயிருக்கலாமே, சோப்புத்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மேலே இருக்கிற இடம் காட்டுக்குள் உயரத்தில் இருப்பதால் அதை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது என்றும் எழுதியிருந்தார். அவர் கேட்டது நியாயம். வெள்ளம் வருகிற, ஆனால் யாரும் குளிக்காத, இதே உயரத்தில் உள்ள ஒரு ஓடையிலும் நான் எண்ணியிருக்க வேண்டும். இனிமேல் எண்ணுவதென்றால் இன்னொரு சீசன் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அதற்குள் என் பதிவே போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ விடுமுறைக்கு வீட்டில் இருந்தாய். நான் கல்லூரிக்குப் போட வேண்டிய சேலைகளைத் தேய்த்துக்கொண்டே, "இனி இது வேண்டாம்லே. பள்ளிக்கூடத்துல எங்கயாவது பாத்துக்கிடுதேன்" என்றேன். நீ என் கட்டுரையை எடுத்துப் படித்தாய். படித்து முடித்துவிட்டு, "உம்மா, நீங்க என்ன கண்டுபிடிச்சீங்க? ஒரே ஒரு வரியில சொல்லுங்க" என்றாய். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, குற்றாலப் பகுதியின் நீர்வாழ் உயிரினங்கள் குறித்த ஆய்வுகள் மிகக் குறைவாக இருக்கும் நிலையில் என்று ஆரம்பித்தேன். "அது இல்லம்மா. பக்கத்து வீட்டுல கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. "நாம குளிக்கப் போயி அதுகள சாவடிக்கோம்னு சொல்லுவேன். போதுமா?" என்றேன். "போதும். இது உங்க பேப்பர்ல எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டாய்.

தேடினேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில், ஒரு நீண்ட பத்தியின் நடுவில், இருக்கலாம் எனக் கருத இடமுண்டு என்கிற மாதிரி ஒரு வாக்கியத்துக்குள் அது ஒளிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நீ கத்தரிக்கோலை எடுத்தாய். எல்லாப் பக்கத்தையும் பத்தி பத்தியாக வெட்டினாய். மின்விசிறியை நிறுத்தினாய். அந்த வெயிலில் நான் திட்டியது இன்னமும் ஞாபகம் இருக்கிறது. முன் அறைத் தரை முழுக்கத் துண்டு துண்டாக என் உழைப்பு கிடந்தது. ஜன்னல் காற்றில் பறக்காமல் இருக்க உப்பு ஜாடி, டிவி ரிமோட், உன் ஒற்றைச் செருப்பு எல்லாம் மேலே உட்கார்ந்திருந்தன. அந்த நேரம் பார்த்து உன் வாப்பா வீடியோவில் கூப்பிட்டார். "என்ன, அங்கன பந்தி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். "உங்க மகன் என் பேப்பர கொத்துக்கறி போட்டுட்டான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நீ அவனப் பெத்த அன்னைக்கே சொன்னேம்லா, இவன் உன்னய மாரின்னு" என்றார்.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் எழுதச் சொன்னாய். எழுதினேன். சில துண்டுகளுக்கு இரண்டு வரி தேவைப்பட்டது. அவை இரண்டு பத்திகள் என்றாய். சில துண்டுகளுக்கு என்னால் எதுவுமே எழுத முடியவில்லை. அவற்றை நீ எடுத்து ஓரமாக வைத்தாய். ஓரத்தில் குவியல் வளர்ந்துகொண்டே போனது. ஆனால் அதன்பின் தரையில் மிச்சம் இருந்தவை ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பித்ததையும் பார்த்தேன். இன்றைக்கும் என் பிள்ளைகளிடம் முதல் வேலையாக இதைத்தான் செய்யச் சொல்கிறேன். எழுதி முடித்த கட்டுரையில் ஓரத்து வரிகளை மட்டும் மேலிருந்து கீழே படி. அது ஒரு கதையாக ஓடினால் கட்டுரை நிற்கும். தடுக்கினால், தடுக்குகிற இடத்தில் ஏதோ குறைகிறது.

என் கட்டுரை வெள்ளத்தில் தடுக்கியது. "இங்கன ஒரு துண்டு இல்லம்மா" என்று தரையில் ஒரு காலி இடத்தைக் காட்டினாய். "யாரும் குளிக்காத ஓடை ஒண்ணு வேணும்."

"அதத்தான் அந்த ஆளும் கேட்டிருக்காரு. நான் எங்கன போயிப் பிடிக்க? நேரம் இல்லலே."

நீ என் கட்டுரையின் கடைசித் தாளைக் கையில் எடுத்தாய். பின்னிணைப்பு, வேறு சில கணக்கெடுப்புகள் என்று தலைப்பிட்டு ஒரு அட்டவணை. "இது என்ன?" என்றாய்.

"அது உன் பெரியம்மா தோட்டத்துல ஓடுத ஓடை. பண்பொழிக்கு மேக்க. மாசாமாசம் அக்காவப் பாக்கப் போவேம்லா, அப்ப வலையும் கூடவே கொண்டுபோறது. சும்மா எடுத்தது."

"சீசன்லயும் எடுத்தீங்களா?"

"எல்லா மாசமும்தான். குற்றாலத்துல எண்ணுன அதே வாரத்துலதான் அங்கயும் போவேன். அதுல ஒண்ணும் இல்ல யூசுப். வெள்ளம் வந்தாலும் வராட்டாலும் ஒரே மாரித்தான் இருக்கு. ஒண்ணுமே நடக்கல."

நீ என்னையே பார்த்தாய். "உம்மா, அங்க யாராவது குளிப்பாங்களா?"

"அந்தப் பாறைக்குள்ள யாரு போயி குளிப்பா? உன் பெரியம்மாவே இறங்க மாட்டா."

அதைச் சொல்லி முடித்ததும் என் காதில் அது விழுந்தது. அதே மழை. அதே வெள்ளம். அதே உயரம், அதே மாதிரிப் பாறை. மனிதர் மட்டும் இல்லை. குட்டிகள் குறையவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று நான் கடைசித் தாளில் தள்ளிவைத்திருந்த அட்டவணைதான் அந்த மதிப்பீட்டாளர் கேட்ட கேள்விக்கு விடை. ஒன்றும் நடக்காததுதான் என் கண்டுபிடிப்பு. கையில் இருந்த பேனாவை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நீ அந்தத் தாளைக் கொண்டுபோய் எல்லாத் துண்டுகளுக்கும் நடுவில் வைத்தாய். நாம் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்ததில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதன்பின் எழுதுவது எனக்கு வேறு வேலையாக மாறிவிட்டது. முதலில் ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை. படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் செய்தேன். குற்றாலத்தின் கோடு சீசனில் கீழே இறங்கித் திரும்ப ஏறுகிறது, பெரியம்மா ஓடையின் கோடு பக்கத்திலேயே நேராகப் போகிறது. எழுத்தே இல்லாமல் அந்தப் படங்களை மட்டும் வரிசையாகப் பார்க்கிறவருக்கு விஷயம் புரிய வேண்டும். புரிந்த பிறகு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பத்தி எழுதினேன். கிடைத்தவை பகுதி முடிந்துவிட்டது. அதில் ஏன், எதற்கு என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. பார்த்ததை மட்டும் சொன்னேன். முன்னுரையை அதற்குப் பிறகுதான் எழுதினேன். பெரிய உலகத்திலிருந்து ஆரம்பித்து, குறுகிக் குறுகி, என் ஒரே கேள்வியில் வந்து நின்றேன். விவாதப் பகுதியை அந்த விடையில் ஆரம்பித்து, அகன்று அகன்று மறுபடியும் பெரிய உலகத்துக்குப் போனேன். உடுக்கையை நிறுத்தி வைத்த மாதிரி, மேலேயும் கீழேயும் அகலம், இடுப்பில் ஒரே ஒரு கேள்வி. எதிராளி என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும், ஏற்கெனவே கேட்டுவிட்டானே. வெள்ளம் காரணமாக இருக்கலாமே என்று விவாதத்தில் நானே கேட்டு நானே பதில் சொன்னேன். சுருக்கமும் தலைப்பும் கடைசியில். வீட்டைக் கட்டாமல் பெயர்ப்பலகை மாட்ட முடியாது.

ஆய்வு முறைப் பகுதியில்தான் நமக்குள் ஒரு சண்டை. பண்பொழி ஓடையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தேர்ந்தெடுத்தோம் என்று நான் எழுதியிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். "நீங்க தேர்ந்தெடுக்கலையேம்மா. பெரியம்மாவப் பாக்கத்தான போனீங்க. உள்ளத எழுதுங்க" என்றாய். அப்படி எழுதினால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றேன். "சிரிக்கட்டும்" என்றாய். நீ சொன்னபடிதான் எழுதினேன். வேறு வேலையாகப் போன இடத்தில் எடுத்த கணக்கு, பிறகுதான் ஒப்பீட்டுக்குப் பயன்பட்டது என்று. உன் பொருளாதாரத்தில் கட்டுரையின் அமைப்பு வேறு மாதிரி இருக்கும், தெரியும். விடையை முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுவீர்கள், அதன்பின் தரவு, அதன்பின் இது வேறு காரணத்தால் வந்திருக்க முடியாது என்று ஒவ்வொரு சந்தேகமாகத் தீர்ப்பது. உன்னிடமிருந்துதான் நான் அதைக் கற்றேன். எந்தத் துறையாக இருந்தாலும், ஆய்வு முறையைப் படித்த இன்னொருத்தி அதே ஓடையில் இறங்கி அதே மாதிரி எண்ண முடிய வேண்டும். அதற்கு உண்மையைத் தவிர வேறு வழி கிடையாது.

நெறியாளரிடம் கொண்டுபோனபோது பயந்துகொண்டேதான் போனேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினார். "முந்தைய ஆய்வுகள் எங்கம்மா? தனியா தலைப்பே காணும்."

"முன்னுரைக்குள்ளயே கொண்டுவந்துட்டேன் சார். எதுல ஒத்துப்போறாங்க, எதுல ஒத்துப்போகல, அவ்வளவுதான்."

"இது வழக்கம் இல்லையே."

"முழுசாப் படிச்சிட்டுச் சொல்லுங்க சார். அப்பவும் சரியில்லன்னா நீங்க சொல்லுத மாரியே மாத்திருதேன்" என்றேன். முன்பானால் அங்கேயே மாற்றுகிறேன் என்று எழுந்திருப்பேன். அன்றைக்கு உட்கார்ந்திருந்தேன். அவர் படித்தார். பண்பொழிப் படம் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முடித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் செய்தார். சோப்பும் எண்ணெயும் காரணம் என்று நிரூபிக்கிறது என நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, காரணமாக இருப்பதைச் சுட்டுகிறது என்று எழுதினார். "உங்க தரவு எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு தூரம்தான் நாம போகணும். அதுக்கு ஒரு அடி முன்னாலயே நின்னா இன்னும் நல்லது" என்றார். அந்த ஒரு வார்த்தை மாற்றத்துக்காகவே அவர் என் நெறியாளர்.

முன்பு நிராகரித்த அதே ஆய்விதழுக்குத்தான் அனுப்பினேன். உனக்குத்தான் தெரியுமே என் பிடிவாதம். மதிப்பீடு வந்தது. சில திருத்தங்கள் கேட்டிருந்தார்கள். எழுதும்போது, ஒரு வகைத் தட்டான் மட்டும் சோப்புத் தண்ணீரில் பெருகியிருக்கிறதே, அது என் விடைக்கு எதிராக இருக்கிறதே, எடுத்துவிடலாமா என்று நான் தவித்தேன் அல்லவா? எடுக்காமல் விவாதத்தில் வெளிப்படையாக வைத்திருந்தேன். அழுக்குத் தண்ணீரைத் தாங்குகிற வகை அது என்பதையும், ஏன் என்று எனக்கு முழுதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லியிருந்தேன். கட்டுரையிலேயே தன்னை அதிகம் நம்ப வைத்த பகுதி அதுதான் என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். திருத்தி அனுப்பினேன். ஒரு செய்முறை வகுப்பில், பிள்ளைகள் மண்புழுவை விரித்து வைத்துக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த கைப்பேசியில் மின்னஞ்சல் வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. நான் போட்ட சத்தத்தில் ஒரு பிள்ளை கையில் இருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டாள். "என்னாச்சு மேடம்?" என்று ஓடி வந்தார்கள். "பேப்பர் வந்துட்டுட்டீ!" என்றேன். மேடம் வகுப்பில் இப்படிப் பேசுவாள் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். துறைத் தலைவர் தன் அறையிலிருந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ஆய்வேட்டை, நீட்டிப்பு முடியும் முன்பே சமர்ப்பித்தேன். கட்டுரையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டதால் அத்தியாயங்கள் தாமாகவே தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. பொது வாய்மொழித் தேர்வுக்குத் திருநெல்வேலிக்குப் போனபோது சீசன் நடந்துகொண்டிருந்தது. உன் வாப்பா சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். நீயும் அவரும் சேர்ந்து போட்ட திட்டம். அரங்கத்தின் கடைசி வரிசையில் நீங்கள் இரண்டு பேரும் பெரியம்மாவும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் என் முதல் வாக்கியமே மறந்துவிட்டது. ஆனால் எனக்கு மனப்பாடம் தேவைப்படவில்லை. கேள்வி என்ன, என்ன செய்தேன், என்ன கிடைத்தது, அதனால் என்ன. அந்த வரிசை எனக்குள் இருந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியாக, "இந்த ஒப்பீட்டு ஓடைதான் உங்க ஆய்வோட பலம். இத முதல்லயே திட்டமிட்டீங்களா?" என்றார்.

"இல்லம்மா" என்றேன். "அங்க என் அக்கா வீடு. அவங்களப் பாக்கப் போனப்ப எடுத்தது. ஆய்வு முறையில அத அப்படியேதான் எழுதியிருக்கேன்." எல்லோரும் சிரித்தார்கள். தேர்வாளரும் சிரித்தார். "படிச்சேன். நீங்க சொல்லுவீங்களான்னுதான் கேட்டேன்" என்றார். பெரியம்மாவுக்குச் சிரிப்பு எதற்கென்று புரியவில்லை. நீ அவள் காதில் சொன்னதும் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துத் தலையை ஆட்டினாள், பட்டம் அவளுக்குக் கிடைத்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று அறிவித்தார்கள். நெறியாளர்தான் முதலில் கை தட்டினார். உன் வாப்பா கை தட்டவில்லை. கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது, நம் வீடு இருக்கிற தென்காசிக்குள் திரும்பாமல் வண்டியை நேராகக் குற்றாலத்துக்கு விடச் சொன்னது நான்தான். அங்கே ஆற்றில் அத்தனை வருடம் முழங்கால் தண்ணீரில் நின்று எண்ணியிருக்கிறேன். ஒரு நாளும் அருவிக்குக் கீழே போய் நின்றதில்லை. வேலைக்கு வந்த இடம் என்று ஒரு நினைப்பு. அன்றைக்கு நீங்கள் ஆண்கள் பக்கம் போனீர்கள். பெரியம்மா எனக்கு வேண்டாம் என்று கரையில் பைகளோடு உட்கார்ந்துகொண்டாள். நான் தேர்வுக்கு உடுத்திய அதே சேலையோடு, எண்ணெய் இல்லாமல், சோப்பு இல்லாமல், பெண்கள் கூட்டத்துக்குள் நுழைந்தேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் என்னையறியாமல் கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "என்னக்கா, இவ்வளவு சந்தோசம்? என்ன விசேசம்?" என்று தண்ணீருக்கு மேலே சத்தமாகக் கேட்டாள்.

"பரீட்ச பாஸாயிட்டேன்!" என்றேன்.

"ஏ ஆத்தாடி, இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான்!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில் நின்றவர்களை இரண்டு கையாலும் விலக்கினாள். "ஏட்டி, கொஞ்சம் தள்ளுங்கட்டி. அக்கா பாஸாயிட்டாங்க. நடுவுல வந்து நில்லுங்கக்கா, இங்கனதான் நல்லா விழுது" என்றாள்.

நடுவில் போய் நின்றேன்.

உன் உம்மா